பத்தில் இரண்டு கீழே: ஒரு பழைய ஆன்ஷூட்ஸ் 1411 துப்பாக்கியின் நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வடக்கு இங்கிலாந்தில் நான் உறுப்பினராக இருக்கும் கிளப்பின் 50 மீட்டர் திடலில், குப்புறப் படுத்துப் பத்துத் தோட்டா சுட்டேன். எட்டுக் குண்டுகள் 14 மி.மீ. வட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. மற்ற இரண்டும் அந்தக் கூட்டத்துக்கு நேர் கீழே, ஏறத்தாழ 10 மி.மீ. இறங்கி, அருகருகே கிடந்தன. இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. அடுத்த இலக்கு அட்டையிலும் அப்படியே. அதற்கடுத்ததில் மூன்று இறங்கின.

50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. அதன்பின் ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். 10 மி.மீ. இறங்கினால் ஒரு புள்ளி போயிற்று. 1972 மியூனிக், 1976 மான்ட்ரியால் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்ற எண்ணிக்கை 600-க்கு 599. இந்த விளையாட்டில் ஒரு புள்ளி என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் நான் அந்த உயரத்தில் சுடுகிறவன் அல்லன். புள்ளி போனது எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஜூன் மாதம் வாங்கியதிலிருந்து செப்டம்பர் வரை இதே துப்பாக்கி ஒருநாளும் இப்படிச் செய்யவில்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு குண்டுகள் ஏன் இறங்கின என்று நான்கு மாதம் தேடினேன். தேடும் வழியில் நான் செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். பழைய இலக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு முடிவைவிடத் தேடிய விதம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

துப்பாக்கியும் அது வந்த வழியும்

கிளப்பில் ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர். வேலைக்காலம் முழுக்கக் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். கண் மங்கத் தொடங்கியதும் துப்பாக்கிச் சான்றிதழைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தார். புதுப்பிக்காவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. விற்றுவிடு என்று பலர் சொன்னார்கள். அவரோ, இந்தக் கிளப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லி என்னைக் கேட்டார். என் சான்றிதழில் ஒரு .22 (0.22 அங்குலக் குழல்) துப்பாக்கி வாங்கிக்கொள்ள ஏற்கெனவே அனுமதி இருந்தது. நேரில் கைமாறினோம். இரண்டு பேரும் ஏழு நாளுக்குள் போலீசுக்கு எழுதிப் போட்டோம். என் வீட்டுச் சுவரில் போல்ட் அடித்துப் பொருத்திய இரும்பு அலமாரிக்கு அது வந்து சேர்ந்தது.

ஆன்ஷூட்ஸ் கம்பெனி 1856-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், மெலிஸ் என்ற ஊரில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்தப் பகுதி சோவியத் ஆளுகைக்குள் போக, குடும்பம் எல்லாவற்றையும் இழந்து மேற்கே உல்ம் நகருக்கு வந்து, 1950-இல் ஒருசில ஆட்களோடு மறுபடி ஆரம்பித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் வடிவமைத்த 'மேட்ச் 54' என்ற இயக்கப் பகுதிதான், அதாவது தோட்டாவைப் பூட்டிச் சுடும் பகுதிதான், என் துப்பாக்கியின் உயிர். அதை வைத்து 1411 என்றும் 1413 என்றும் மாடல்கள் வந்தன. 1413 நின்று, மண்டியிட்டு, படுத்து என மூன்று நிலைகளிலும் சுடுவதற்கானது. கட்டைவிரல் நுழையும் துளை, கொக்கி வைத்த பின்தகடு, உள்ளங்கைத் தாங்கி என்று பார்ப்பதற்கே ஒரு கருவிப்பெட்டி மாதிரி இருக்கும். 1411 படுத்துச் சுட மட்டும். வால்நட் மரக்கட்டை, கனமான பேரல் (குழல்), ஏறத்தாழ 5 கிலோ. அலங்காரம் எதுவும் இல்லை. எனக்கு இதுதான் அழகு.

பேரலின் பின்புறம் மான்கொம்பு முத்திரை இருக்கிறது. உல்ம் சோதனைச் சாலையின் அடையாளம் அது. பக்கத்தில் 69 என்ற எண், சோதனை நடந்த ஆண்டு. எழுபதுகளின் நடுவுக்குப் பிந்திய துப்பாக்கிகளில் எண்ணுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும். ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று போய், எச்.ஐ. என்றால் 78. வாங்கப் போகிறவர்கள் விற்பவர் சொல்லும் வயதைக் கேட்டுக்கொண்டு, இந்த முத்திரையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரு நேரத்தில் ஒற்றைத் தோட்டாதான் போட முடியும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் ஒரு குறையாக நினைக்கிறார்கள். மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) இல்லாததால் இயக்கப் பகுதியின் அடியில் பெரிய துளை வெட்ட வேண்டியதில்லை. இரும்பு முழுசாக, விறைப்பாக நிற்கிறது. தோட்டாவைக் கையால் எடுத்து, வழவழப்பான ஓடையில் வைத்துத் தள்ளினால் மென்மையான ஈயக் குண்டின் மூக்கு எங்கும் இடிபடாமல் சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள், போகிறது. போட்டித் துப்பாக்கியின் சேம்பர் இறுக்கமானது. சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் கைப்பிடி வைத்த உருளையான போல்ட்டை மூடும்போது குண்டு பேரலின் புரிகளில் லேசாகப் பதிவதை விரல் உணரும். அந்த ஒரு சின்ன எதிர்ப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் 'ஆயிற்று, இனி மூச்சைப் பார்' என்று சொல்கிற மாதிரி இருக்கும். பத்துத் தோட்டாவை வரிசையாகக் கக்கும் துப்பாக்கியில் இந்த நிதானம் கிடைப்பதில்லை.

முதல் நாளே ஒரு பாடம். ஜெர்மன் குறிநோக்கியில் எச், டி என்று எழுத்துகள் இருக்கும். எச் என்றால் மேல், டி என்றால் கீழ். குண்டு கீழே விழுகிறது, மேலே ஏற்ற வேண்டும் என்று எச் பக்கம் திருகினேன். இன்னும் கீழே போனது. அந்த எழுத்துகள் குண்டு எங்கே விழுந்தது என்பதைச் சொல்கின்றன. கீழே விழுந்தால் டி பக்கம் திருப்ப வேண்டும். பெரியவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கண்டுபிடிக்கும் வரை எதுவும் சொல்லாமல் இருந்தார்.

யார் மேல் பழி போடுவது

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். துப்பாக்கி சுடுகிறவர்களிடம் இந்தப் பழமொழிக்கு நிரந்தர இடம் உண்டு. ஆகவே முதலில் என்னையே சந்தேகித்தேன். குண்டு நேர் கீழே இறங்குவதற்குச் சுடுகிறவன் தரப்பில் காரணங்கள் உண்டு: மூச்சு முழுதாக அடங்குமுன் விசையை இழுப்பது, இடது முழங்கை விரிப்பில் நழுவுவது, கையைத் தாங்கும் கைவார் தளர்வது. குளிர்காலத்தில் கனமான ஜாக்கெட்டுக்குள் ஸ்வெட்டர் போடுகிறோம், உடல் நிலை மாறுகிறது. இரண்டு வாரம் இதையெல்லாம் சரிபார்த்தேன். பிறகு, கிளப்பிலேயே சிறப்பாகச் சுடும் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்தேன். அவருடைய எட்டு என்னுடைய எட்டைவிடச் சின்ன வட்டத்தில் அடங்கியது. ஆனால் அவருக்கும் இரண்டு இறங்கின. மேடை கோணல்தான்.

அடுத்தது தோட்டா. .22 போட்டித் தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே, விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் என்று வைக்கிறார்கள். ஒலித்தடையைத் தாண்டி மறுபடி இறங்கும் குண்டு காற்றில் அலைக்கழியும். ஒவ்வொரு தொகுதித் தோட்டாவும் ஒவ்வொரு பேரலோடு வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பது உண்மை. அதனால்தான் பணம் இருப்பவர்கள் தொகுதி தொகுதியாகச் சோதித்துப் பார்த்து மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். நான் மூன்று தொகுதிகள் மாற்றினேன். மேலே உள்ள கூட்டம் கொஞ்சம் விரிந்தது, கொஞ்சம் சுருங்கியது. கீழே இறங்குகிறவை மட்டும் எல்லாத் தொகுதியிலும் இறங்கின.

இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து துப்பாக்கியை ஒரு பழுதுநீக்குபவரிடம் காட்டினேன். பேரலுக்குள் மெல்லிய கேமராவை விட்டு, சேம்பருக்கு முன்னால் ஆறுமணித் திசையில், அதாவது நேர் அடியில், ஒரு சொரசொரப்பைக் காட்டினார். "தேய்ந்துவிட்டது, புதுப் பேரல் போடுங்கள்" என்றார். சொன்ன விலை நான் துப்பாக்கிக்குக் கொடுத்த விலையைவிட அதிகம்.

சொரசொரப்பு பொய் இல்லை. பெரும்பாலான .22 தோட்டாக்களின் விளிம்பிலுள்ள வெடிமருந்துக் கலவையில் உராய்வுக்காகக் கண்ணாடித்தூள் சேர்ப்பார்கள். அது குழலின் அடிப்பக்கம் படிந்து, பின்வரும் குண்டுகளால் தேய்க்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இப்படி ஒரு திட்டு உண்டாகும். ஐம்பது ஆண்டுப் பேரலில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மட்டும் அடங்கவில்லை. தேய்ந்த பேரல் எல்லாக் குண்டுகளையும் அல்லவா சிதறடிக்க வேண்டும்? எட்டைக் கச்சிதமாக வைத்துவிட்டு இரண்டை மட்டும் நேர்கோட்டில் இறக்குமா? அதுவும் ஜூன் மாதம் இறக்காமல் நவம்பரில் மட்டும்? மென்மையான ஈயக் குண்டும் குறைந்த அழுத்தமும் சேர்ந்த .22 பேரல் லட்சம் தோட்டாவைத் தாண்டியும் நன்றாகச் சுடும். பேரலை மாற்றுவதைத் தள்ளிப் போட்டேன். இந்த முழு ஆய்விலும் நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அதுதான்.

நான் கெடுத்தது

உருப்படாததும் ஒன்று உண்டு. கேமராவில் பார்த்த அழுக்கு கண்ணிலேயே நின்றது. வீட்டுக்கு வந்து வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் வைத்து ஒரு மணி நேரம் பேரலைத் தேய்த்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடவில்லை. மறுநாள் மாவட்ட அளவில் ஒரு போட்டி.

.22 குண்டின்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். சுடச்சுட அந்தப் பூச்சு பேரல் முழுக்க ஒரே சீராகப் படிந்து நிலைபெற்ற பிறகுதான் குண்டுகள் ஒரே மாதிரி போகும். துடைத்து வெறுமையாக்கிய பேரல் அந்த நிலைக்குத் திரும்ப 10, 20 தோட்டா, சில பேரலுக்கு அதற்கு மேலும் ஆகும். போட்டியில் என் முதல் அட்டை முழுக்கக் குண்டுகள் ஊர்சுற்றின. இது தெரியாத விஷயமும் அல்ல, தெரிந்தே செய்தேன். அழுக்கைப் பார்த்த எரிச்சல். அன்று முதல் தூரிகை மேசையின் அடி இழுப்பறைக்குப் போய்விட்டது. இப்போது சுட்டு முடித்ததும் பின்பக்கமாக ஒரு துணித்துண்டு, கம்பிக்கு வழிகாட்டிக் குழாய் வைத்து. அவ்வளவே.

மரக்கட்டைக்குள்

சரி, இயக்கப் பகுதி மரத்தோடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்று திருகுகளைக் கழற்றினேன். 1411-இல் அடியில் இரண்டு முக்கியத் திருகுகள். அவற்றை எந்த அளவு முறுக்கி வைக்கிறோம் என்பது குண்டு விழும் இடத்தை மாற்றும். கை உணர்வை நம்பாமல் முறுக்களவு காட்டும் திருப்புளி வாங்கியிருந்தேன்.

பேரலைத் தூக்கியதும் மரத்தின் உட்குழிவில் பென்சில் எழுத்து. சின்னச் சின்னதாக, கடைசல்காரரின் ஒழுங்கோடு, ஏழு வரிகள். மாதம், ஆண்டு, சுட்ட தோட்டாத் தொகுதி, ஒன்றிரண்டு சொற்கள். கடைசி வரி மட்டும் மற்றவற்றைவிட அழுத்தி எழுதப்பட்டிருந்தது. அதில் தோட்டாத் தொகுதி இல்லை. 'போல்ட் இலகு' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒரு தேதியும் மட்டும். அன்று எனக்கு அது பிடிபடவில்லை. போல்ட்டுக்கு எண்ணெய் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு, மரத்தைத் துடைக்காமல் விட்டேன்.

முன்கட்டையின் நுனியில் பேரலுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்தேன். திருகுகளை 5 நியூட்டன் மீட்டரில் வைத்துச் சுட்டேன். கூட்டம் முழுவதும் சற்று இடப்புறம் நகர்ந்தது. இறங்குகிறவை இறங்கிக்கொண்டுதான் இருந்தன. அட்டைத் துண்டு குற்றவாளி இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று எனக்கு நானே போட்ட விதி இங்கே கைகொடுத்தது. அட்டைத் துண்டையும் எடுத்து, தோட்டாவையும் மாற்றி, பேரலையும் தேய்த்துவிட்டு ஒரு நல்ல அட்டை கிடைத்திருந்தால், எதனால் கிடைத்தது என்று சாகும்வரை தெரிந்திருக்காது.

முட்டைத் தட்டு

ஜனவரி தொடக்கத்தில்தான் புத்தி வந்தது. குண்டு பறந்து போய்விடுகிறது. ஆனால் ஒவ்வொரு குண்டும் எனக்கு ஒரு சாட்சியை விட்டுவிட்டுப் போகிறது, காலித் தோட்டா. அதுவரை அவற்றை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து முட்டை வைக்கும் அட்டைத் தட்டு ஒன்றைத் திடலுக்குக் கொண்டுபோனேன். குழிகளுக்கு 1 முதல் 10 வரை எண் எழுதினேன். மணல் பைகளின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, ஒவ்வொரு தோட்டா சுட்டதும் தொலைநோக்கியில் குண்டு விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காலித் தோட்டாவை அதன் எண்ணுள்ள குழியில் வைத்தேன். அன்று குளிர் 2 டிகிரி. 4-ஆம் குண்டு இறங்கியது. 7-ஆம் குண்டு இறங்கியது. 10-ஆவது பாதி இறங்கியது.

வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் அடியில், நகை பார்க்கும் கண்ணாடியோடு ஒவ்வொன்றையும் பார்த்தேன். .22 தோட்டாவில் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தும் ஆணி) நடுவில் குத்துவதில்லை. தோட்டாவின் விளிம்பை நசுக்குகிறது. விளிம்புக்குள் இருக்கும் கலவை அந்த நசுங்கலில்தான் பற்றுகிறது. 1, 2, 3-இன் விளிம்புகளில் ஆணி அழுந்திய பள்ளம் செவ்வகமாக, ஓரம் கூர்மையாக இருந்தது. 4-ஐ எடுத்தேன். பள்ளம் இருந்தது, ஆனால் ஆழமில்லை. ஈரக் களிமண்ணில் நகத்தால் லேசாகத் தொட்டது போல. 7-உம் அப்படி. 10 இரண்டுக்கும் நடுவில். ஐந்து தடவை வரிசையைக் கலைத்து, எண் பார்க்காமல், பள்ளத்தை மட்டும் பார்த்துப் பிரித்தேன். பிரித்துவிட்டு எண்களைப் பார்த்தால் 4, 7, 10. அந்த இரவு பத்துப் பித்தளைத் துண்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சந்தோஷத்தை எந்தக் கோப்பையும் எனக்குத் தந்ததில்லை.

குத்து பலவீனமானால் கலவை சீராகப் பற்றாது. வெடிமருந்து ஒரே மாதிரி எரியாது. குண்டின் வேகம் குறையும். அடுத்த வாரம் வேகமானி வைத்துப் பார்த்தேன். நல்லவை விநாடிக்கு 322 முதல் 328 மீட்டர். இறங்கியவை 312, 314.

கணக்கும் இடிக்கவில்லை. 325 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 50 மீட்டர் போக ஏறத்தாழ 0.16 விநாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 125 மி.மீ. கீழே இழுத்துவிடும், குறிநோக்கியை அதற்கேற்ப உயர்த்தி வைத்திருக்கிறோம். வேகம் 10 மீட்டர் குறைந்தால் பயண நேரம் கூடி, இன்னும் 8 மி.மீ. அதிகமாக இறங்கும். ஒரு வளையத்தின் அகலமும் அதே 8 மி.மீ.

அதே கணக்கை 25 கஜத்துக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தில் பனிக்கால மாலைகளில் கூரைக்குள் நாங்கள் சுடும் தூரம் அது, 23 மீட்டர்கூட இல்லை. இறக்கம் தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஆகவே 50 மீட்டரில் 8 மி.மீ. தவறு, அங்கே 2 மி.மீ.-க்கும் குறைவு. சுடுகிறவனின் கை நடுக்கத்தில் கரைந்துபோகும். பெரியவர் கடைசிப் பதினைந்து ஆண்டுகளாகக் கூரைக்குள் மட்டுமே சுட்டவர். இந்தக் குறை அவர் கண்ணில் பட வாய்ப்பே இருந்திருக்காது.

போல்ட்

போல்ட்டைப் பிரித்தேன். ஸ்பிரிங்கைச் சுற்றி, பலாப்பழப் பிசின் காய்ந்தது போல ஒரு பழுப்பு ஒட்டு. பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக விட்ட எண்ணெய் இறுகியது. கோடையில் அது இளகி வழிவிட்டிருக்கிறது. குளிரில் கெட்டியாகி ஃபயரிங் பின்னைப் பிடித்து இழுத்திருக்கிறது. நவம்பர் புதிர் அங்கே அவிழ்ந்தது. கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தமாகத் துடைத்து, உள்பாகங்களை ஏறக்குறைய உலர்ந்த நிலையிலேயே வைத்தேன். மறுபடி சுட்டபோது பத்துக்கு ஒன்றுதான் இறங்கியது, அதுவும் குறைவாக. பாதிக் குணம்.

மீதிப் பாதிக்காகப் புது ஸ்பிரிங் ஒன்று தருவித்தேன். மேட்ச் 54-க்கு உதிரிபாகம் கிடைப்பது இந்தத் துப்பாக்கியை நேசிக்க இன்னொரு காரணம். பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையது குட்டையாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் அழுந்தினால் ஸ்பிரிங் கொஞ்சம் குறுகும், சரி. ஆனால் நுனியைப் பார்த்தபோது கை நின்றது. தொழிற்சாலை ஸ்பிரிங்கின் நுனி தட்டையாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். பழையதன் ஒரு நுனியும் தட்டைதான். ஆனால் அந்தத் தட்டையில் கையால் அரம் போட்ட கோடுகள் இருந்தன. சுற்றுகளை எண்ணினேன். பழையதில் ஒன்றரைச் சுற்று குறைவு.

யாரோ வெட்டியிருக்கிறார்கள். அதுவும் நன்றாக வெட்டத் தெரிந்தவர்.

புதிய ஸ்பிரிங்கைப் போட்டு அந்த ஞாயிறே சுட்டேன். பத்து, பத்து, பத்து என்று மூன்று அட்டை. முப்பது காலித் தோட்டாக்களிலும் ஒரே பள்ளம். வேகமானியில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் வித்தியாசம் 7 மீட்டர். அட்டைகளில் ஒரு குண்டும் கூட்டத்தை விட்டு இறங்கவில்லை. ஆறுமணித் திசைச் சொரசொரப்பு அங்கேயேதான் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பெரியவர் சொன்னது

பழைய ஸ்பிரிங்கை ஒரு கடித உறையில் போட்டு, வியாழக்கிழமை மாலை கிளப்புக்குக் கொண்டுபோனேன். பெரியவர் தேநீர் மேசையில் இருந்தார். உறையைத் திறந்து ஸ்பிரிங்கைக் கையில் கொட்டினேன். கண்ணருகே கொண்டுபோகவில்லை, பார்வை அவ்வளவு இல்லை. கட்டைவிரல் நகத்தால் நுனியைத் தடவினார்.

"என் அரம்தான்," என்றார்.

மேட்ச் 54-இன் போல்ட்டைத் திறக்கும்போதுதான் ஸ்பிரிங் இழுபட்டு ஃபயரிங் பின் ஏறி நிற்கிறது. அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்குகிற விரல்கள்தான் அந்த ஸ்பிரிங்கின் முழு எதிர்ப்பையும் தாங்க வேண்டும். அறுபது தோட்டாவுக்கு அறுபது தடவை. அவருக்கு வலது மணிக்கட்டிலும் கட்டைவிரல் மூட்டிலும் வாதம் வந்த பிறகு நாற்பதாவது தோட்டாவுக்கு மேல் தூக்க முடியவில்லை. துப்பாக்கியை விட்டுவிட மனமில்லை. முதலில் அரைச் சுற்று வெட்டிப் பார்த்தார். பிறகு ஒன்று. பிறகு ஒன்றரை. அதற்குமேல் வெட்டினால் தோட்டா வெடிக்காமல் போகிறது என்று தெரிந்ததும் நிறுத்தினார். மரத்துக்குள் எழுதிய கடைசி வரியின் பொருள் அதுதான். 25 கஜத்தில் எண்ணிக்கை குறையவில்லை, ஆகவே குறை ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தார். அவருக்கு அது குறையும் அல்ல. அந்த ஒன்றரைச் சுற்றுதான் அவருக்குக் கூடுதலாகப் பல ஆண்டுகள் சுடக் கொடுத்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. நவம்பரிலேயே அவரிடம் போய், "இதன் போல்ட்டில் எப்போதாவது கை வைத்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பேரலுக்குள் கேமரா விட்டேன், வேகமானி வாங்கினேன், முறுக்களவு பார்த்தேன். வாரம்தோறும் மூன்று கஜ தூரத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்கவில்லை. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: விற்பவர் உயிரோடு இருந்தால், விலை பேசி முடித்த பிறகு இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எதையும் 'முன்னிருந்தவர் தெரியாமல் செய்தது' என்று நினைத்து உடனே கழற்றாதீர்கள். அந்த அட்டைத் துண்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து வளைந்தபோது வைத்தாராம். மரம் பிறகு நேராகிவிட்டது, அட்டை தங்கிவிட்டது.

மரத்தை இழைத்துப் புது வார்னிஷ் அடிக்கலாமே என்று கிளப்பில் ஒருவர் கேட்கிறார். கன்னம் படும் இடத்தில் ஐம்பது ஆண்டு வியர்வையில் மரம் கறுத்திருக்கிறது. இழைத்தால் விலையும் போகும், அந்தக் கறுப்பும் போகும். நான் செய்யப் போவதில்லை.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் அங்கீகரிக்கப்பட்ட கிளப்பின் உறுப்பினர் என்ற முறையில் பெரியவர் கிளப் திடலில் இன்னொருவர் துப்பாக்கியால் சுடலாம். ஒரு வியாழன், சுடுகிறீர்களா என்று கேட்டேன். புது ஸ்பிரிங் போட்டாயிற்றே, தூக்க முடியாது என்றார். பழையதை மாட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

இரண்டு வாரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து ஒரு மரக் குமிழை எடுத்து வைத்தார். எலுமிச்சம்பழ அளவு, ஒருபக்கம் துளை, துளைக்குள் ஒட்டிய தோல் வளையம். கடைசல் இயந்திரத்தில் அவரே கடைந்தது. போல்ட் கைப்பிடியின் உருண்டை மேல் அழுத்தினால் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டது. எதையும் வெட்ட வேண்டியதில்லை, இழுத்தால் கழன்றுவிடும். நான் தோட்டாவை ஓடையில் வைத்தேன். அவர் விரல்களை மடக்கிக்கொண்டு, குமிழின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, முழுக் கையாலும் போல்ட்டைத் தூக்கினார். தூக்கிவிட்டு, அட்டையைப் பார்க்காமல், வெளியே விழுந்த காலித் தோட்டாவைத் தேடி எடுத்து விளிம்பை நகத்தால் தடவினார்.